முதுகும் கழுத்தும் இளக: தரையில் படுத்துச் செய்யும் மெல்லசைவுப் பயிற்சிகள்

நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவருக்குத் தோள்பட்டை காதை நோக்கி ஏறியே இருக்கும். "தோளை இறக்குங்க" என்று யாராவது சொன்னால் இறக்குவார். அடுத்த மெயிலைத் திறப்பதற்குள் அது மறுபடி மேலே போயிருக்கும். அவர் வேண்டுமென்று தூக்குவதில்லை. தசை இறுகியிருப்பதே அவருக்குத் தெரிவதில்லை, தெரியாத இறுக்கத்தைத் தளர்த்தவும் முடியாது. அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் தாமஸ் ஹன்னா (1928–1990) இந்த நிலையை 'உணர்வு-இயக்க மறதி' என்றார். 1970களில் இவ்வகைப் பயிற்சிகளுக்கு 'சோமாட்டிக்ஸ்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் மோஷே ஃபெல்டன்கிரைஸ் (1904–1984). இன்றைய உக்ரைனில் பிறந்து, பாரிஸில் பொறியியலும் இயற்பியலும் படித்து, ஜூடோவில் கறுப்புப் பட்டை வாங்கியவர். முழங்காலில் பட்ட காயத்தோடு எப்படி நடப்பது என்று தன் அசைவுகளைத் தானே கூர்ந்து கவனித்து இந்த முறையை வளர்த்தெடுத்தார்.

கீழே உள்ளவை இந்த இருவரின் வழியில் வந்த அடிப்படைப் பயிற்சிகள். உடம்பை வளைத்து நெளிப்பது, இழுத்துப் பிடிப்பது எதுவும் இதில் கிடையாது. ஒரு தசையை நாமே மெதுவாகச் சுருக்கி, அதைவிட மெதுவாக விடுகிறோம். பலன் முழுவதும் அந்த விடுதலில்தான் இருக்கிறது. தூங்கி எழுந்து சோம்பல் முறிக்கும்போது உடம்பு தானாகச் செய்வதும் ஏறக்குறைய இதுதான்: முதலில் இறுக்கும், பிறகு விடும்.

ஏன் இழுக்கக் கூடாது? தசைக்குள்ளே அதன் நீளத்தை அளக்கும் நுண்ணிய உணரிகள் இருக்கின்றன. தசையை வெடுக்கென்று இழுத்தால் அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும், தண்டுவடம் அதே தசையைச் சுருக்கச் சொல்லிவிடும். ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும் கழுத்தை வம்படியாக வளைப்பவர்களுக்கு மறுநாள் பிடிப்பு கூடுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஏன் சின்ன அசைவு? 1 கிலோ அரிசிப் பையைக் கையில் பிடித்திருக்கும்போது அதில் 50 கிராம் கூடினால் தெரியும். 20 கிலோ மூட்டையில் அதே 50 கிராம் கூடினால் தெரியவே தெரியாது. முயற்சி பெரிதாக இருந்தால் அதற்குள் நடக்கும் சிறு மாற்றம் கண்ணில் படாது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் உடலியலாளர் வேபர் எடை வித்தியாசங்களை ஆராய்ந்து சொன்ன விதி இது. பலத்தைக் குறைத்தால்தான் எது தேவையில்லாமல் இறுகியிருக்கிறது என்பது பிடிபடும்.

இதைச் சர்வரோக நிவாரணி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஃபெல்டன்கிரைஸ் முறை பற்றி 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, முதியவர்களின் உடல் சமநிலையில் பலன் தெரிவதாகச் சொல்கிறது. கூடவே, ஆய்வுகளின் தரம் சீராக இல்லை என்றும் குறிப்பிடுகிறது. இறுக்கத்தால் வரும் வலிக்கும் அசதிக்கும் இது நல்ல துணை. எலும்பு முறிவையோ நரம்பு நசுங்கலையோ இது சரிசெய்யாது.

யார் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும்

சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், எலும்புத் தேய்மானம் அதிகம் உள்ளவர்கள், டிஸ்க் விலகி வலி காலுக்கு இறங்குபவர்கள் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கர்ப்பத்தின் பாதிக்கு மேல் மல்லாக்க நெடுநேரம் படுக்கக் கூடாது, ஏனென்றால் கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தும். ஒருக்களித்துச் செய்யும் பயிற்சி மட்டும் அவர்களுக்குப் போதும், அதையும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். முதுகு வலியோடு தொடையிடுக்கில் மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது, கால் பலம் இழப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் பயிற்சி பற்றிய பேச்சே வேண்டாம். உடனே மருத்துவமனை.

இடமும் ஏற்பாடும்

கட்டில் மெத்தை ஆகாது. அது உடம்போடு சேர்ந்து அமுங்குவதால் எந்த எலும்பு எங்கே படுகிறது என்பது தெரியாமல் போகும். தரையில் கோரைப் பாய், அதன்மேல் ஜமுக்காளமோ நாலாக மடித்த போர்வையோ போதும். வெறும் டைல்ஸ் தரை மிகவும் கடினம், உடம்பு குளிர்ந்து தற்காப்பாக இறுகிக்கொள்ளும். ஃபேன் நேராகத் தலைக்கு மேல் வேகமாகச் சுழன்றாலும் இதே கதைதான், ஒன்றிலோ இரண்டிலோ வையுங்கள்.

தலைக்குத் தலையணை வேண்டாம், துண்டு போதும். சிலருக்கு அதுவும் தேவைப்படாது. படுத்த பிறகு முகவாய் கூரையைப் பார்த்துத் தூக்கி நின்றால் துண்டை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு மடித்து வையுங்கள். முகவாய் தொண்டையில் இடித்தால் உயரம் அதிகம், ஒரு மடிப்பைப் பிரியுங்கள். கொண்டையை அவிழ்த்துவிடுங்கள், கிளிப்பை எடுத்துவிடுங்கள். பெல்ட், கண்ணாடி, பாக்கெட்டில் உள்ள போன், சாவி எல்லாம் ஓரமாகப் போகட்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

நேரம் 15 முதல் 25 நிமிடம். வாரம் ஒரு முறை ஒரு மணி நேரம் செய்வதைவிட தினமும் கால் மணி நேரம் செய்வது பல மடங்கு மேல்.

முதலில் தரையைக் கேளுங்கள்

மல்லாக்கப் படுத்துக் காலை நீட்டுங்கள், கைகள் உடம்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மூன்று நிமிடம் எதையும் செய்ய வேண்டாம். தரை எங்கெங்கே உங்களைத் தொடுகிறது என்று கீழிருந்து மேலாகப் பாருங்கள். இரண்டு குதிகாலில் எது அதிகமாக அழுந்துகிறது? பாதம் இரண்டும் ஒரே அளவு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறதா? முழங்காலுக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி? கீழ்முதுகுக்கும் பாய்க்கும் நடுவே உள்ளங்கை நுழையுமா, விரல் மட்டும் நுழையுமா? இரண்டு தோள்பட்டை எலும்பில் எது பாயில் முழுதாகப் பதிகிறது? பின்னந்தலை நடுவில் படுகிறதா, ஒரு பக்கமாகவா?

வித்தியாசம் கண்டால் சரிசெய்யக் கை பரபரக்கும். வேண்டாம். இது வெறும் கணக்கெடுப்பு. சரிசெய்துவிட்டால், பயிற்சிக்குப் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சாது. கீழ்முதுகு வலித்தால் முழங்காலை மடக்கிக்கொண்டே கணக்கெடுக்கலாம்.

கீழ்முதுகை எழுப்புவதும் பதிப்பதும்

இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகக் கற்றாலே பாதி வேலை முடிந்தது. அதனால் இதில் நேரம் செலவழிப்போம்.

முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். இரு பாதத்துக்கும் இடையில் இடுப்பளவு அகலம் இருக்க வேண்டும். குதிகால் பிட்டத்திலிருந்து ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். பாதம் மிகவும் கிட்டே வந்தால் முன்தொடை இழுக்கும், தள்ளிப்போனால் பாதம் வழுக்கும். முழங்கால் இரண்டும் சிரமமில்லாமல் தானாக நிற்கும் இடம்தான் சரியான இடம்.

மூச்சை இழுக்கும்போது இடுப்பெலும்பை வால் எலும்பின் பக்கமாக உருட்டுங்கள். கீழ்முதுகு பாயை விட்டு லேசாக எழும். பிட்டம் தரையிலேயே இருக்கும், அதைத் தூக்கக் கூடாது. முதல் தடவை உங்களால் எவ்வளவு எழுப்ப முடியுமோ அதில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் எழுப்புங்கள். நான்கு விநாடி.

இப்போது மூச்சை விட்டுக்கொண்டே அந்த முதுகுத் தசையை விடுங்கள். இதற்கு எட்டு விநாடி. தொப்பென்று விழ விடாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். முதுகு பாயைத் தொட்ட பிறகு, மூச்சின் மீதியில் அடிவயிறு தானாக உள்ளே போக, கீழ்முதுகு பாயில் லேசாகப் பதியும். அந்த அழுத்தத்தையும் மெதுவாக விட்டு நடுநிலைக்கு வாருங்கள். ஒரு முழு மூச்சு சும்மா கிடங்கள். இது ஒரு சுற்று. ஆறு முதல் எட்டுச் சுற்று போதும்.

இறங்கும்போது கவனித்தால் ஓரிடத்தில் அசைவு வழுவழுவென்று போகாமல் விட்டு விட்டு, சின்னச் சின்ன உதறலாக இறங்கும். பெரும்பாலும் எல்லோருக்கும் அப்படி ஓரிடம் இருக்கும். அங்கே தசை உங்கள் பிடியில் இல்லை என்று அர்த்தம். தாண்டிப் போய்விடாதீர்கள். அந்த இடத்துக்குச் சற்று மேலே திரும்பிப் போய், இன்னும் சிறிதாக, பாதி வேகத்தில் அந்தத் துண்டை மட்டும் மூன்று தடவை கடந்து வாருங்கள். உதறல் குறைய ஆரம்பிக்கும். பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எண்ணிக்கையை முடித்துவிட்டு எழுந்துபோகிறவர்கள் தவறவிடுவதும் இதைத்தான்.

தலை என்ன செய்கிறது என்றும் பாருங்கள். கீழ்முதுகு எழும்போது முதுகெலும்பு கீழ்ப்பக்கம் இழுபடும், முகவாய் நூலளவு தொண்டையை நோக்கி இறங்கும். கீழ்முதுகு பதியும்போது முகவாய் நூலளவு மேலே போகும். நீங்கள் தலையை ஆட்ட வேண்டியதில்லை, கழுத்து இளகியிருந்தால் அது தானே நடக்கும். நடக்கவில்லையென்றால் கழுத்தோ தாடையோ விறைப்பாக இருக்கிறது. பல்லைக் கடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள், மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் ஒட்டாமல் இருக்கட்டும்.

வழக்கமாக நேரும் தவறுகள் சில உண்டு. பாதத்தால் தரையை உதைத்துத் தள்ளுவது ஒன்று. அப்போது வேலை தொடைக்குப் போய்விடும், முதுகு கற்றுக்கொள்ளாது. கால் கட்டை விரல் மேல்நோக்கி விறைத்து நின்றால் உதைக்கிறீர்கள் என்று கண்டுகொள்ளலாம். மூச்சைப் பிடித்துக்கொள்வது இன்னொன்று. அசைவு பெரிதாகிவிட்டது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். அளவைப் பாதியாக்கினால் மூச்சு தானாகத் திரும்பும். கீழ்முதுகில் சுருக்கென்று குத்தினால், குத்தும் இடத்துக்கு வெகு முன்னாலேயே நின்று திரும்புங்கள். வலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தால் தசை இன்னும் கெட்டியாகத்தான் பிடித்துக்கொள்ளும்.

முடிந்ததும் காலை நீட்டி ஒரு நிமிடம் கிடங்கள். கீழ்முதுகின் இடைவெளி முன்னைவிடக் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இடுப்புக் கடிகாரம்

மேலே சொன்னது நன்றாகக் கைவந்த பிறகு, மூன்றாம் வாரத்தில் இதற்கு வாருங்கள். ஃபெல்டன்கிரைஸ் முறையில் மிகவும் பெயர்பெற்ற பாடம் இது.

அதே படுக்கை, அதே மடக்கிய கால். இடுப்பெலும்புக்கு அடியில் பாயில் ஒரு கடிகார முகம் வரைந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 12 கீழ்முதுகின் பக்கம், 6 வால் எலும்பின் பக்கம், 3 இடது இடுப்பு, 9 வலது இடுப்பு. நீங்கள் ஏற்கெனவே கற்றது 12க்கும் 6க்கும் இடையே போய்வருவதுதான். இப்போது 3க்கும் 9க்கும் நடுவே பாரத்தை உருட்டுங்கள். முழங்கால் இரண்டும் கூரையைப் பார்த்தபடியே இருக்கட்டும், இரண்டு மூன்று சென்டிமீட்டர் அசைந்தால் பரவாயில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒரு பக்கம் சுலபமாக உருளும், மறுபக்கம் மரக்கட்டை போலக் கிடக்கும். சுலபமான பக்கத்தை நான்கு தடவை செய்துவிட்டு, அது எப்படி நடக்கிறது என்று கவனித்து, பிறகு மற்றதற்கு வாருங்கள்.

அடுத்து 12இலிருந்து 1, திரும்ப 12. 12, 1, 2, திரும்ப 12. இப்படி ஒவ்வொரு மணியாகக் கூட்டி 6 வரை. பிறகு மறுபக்கம் 11, 10, 9 என்று. கடைசியில்தான் முழு வட்டம். ஒரு வட்டத்துக்கு 12 முதல் 15 விநாடி ஆகட்டும், இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து.

வட்டம் வட்டமாக வராது. 4க்கும் 5க்கும் நடுவிலோ 8க்கும் 7க்கும் நடுவிலோ மூலை வெட்டிக் குறுக்கே போய்விடுவீர்கள். அந்த மணிகள் இருக்கும் இடத்தில் பாரம் படவே படாது. அப்போது முழு வட்டத்தை விட்டுவிட்டு 3, 4, 5, மறுபடி 4, 3 என்று அந்தத் துண்டில் மட்டும் ஊசலாடுங்கள். நாலைந்து தடவைக்குப் பிறகு முழு வட்டம் போட்டுப் பார்த்தால் விடுபட்ட மணி ஓரளவு வந்து சேர்ந்திருக்கும். வயிற்றை இறுக்கி வட்டத்தைத் திருத்தப் பார்க்காதீர்கள்.

நெடுநேரம் பைக் ஓட்டுபவர்கள், நாற்காலியில் ஒரே பக்கம் சாய்ந்து உட்காருபவர்கள், பிள்ளையை எப்போதும் ஒரே இடுப்பில் வைத்துத் தூக்குபவர்கள் இந்தப் பாடத்தை விடாமல் செய்யுங்கள்.

ஒருக்களித்துத் தோளுக்கு

இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவிலும், தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவிலும் செங்கோணம் வரும்படி காலை மடக்குங்கள். தலைக்கு அடியில் தோளின் அகலத்துக்கு உயரம் வேண்டும், சுமார் 10 சென்டிமீட்டர். இல்லையென்றால் கழுத்து தொங்கி இறுகிவிடும். வலது கை முன்னால் தரையில் ஓய்வாக இருக்கட்டும்.

வலது தோள்பட்டையை மட்டும் முன்னால் நகர்த்தி, மெதுவாக விட்டு நடுவுக்கு வாருங்கள். நான்கு தடவை. பின்னால், முதுகெலும்பை நோக்கி நான்கு தடவை. காதை நோக்கி மேலே ஏற்றி, எட்டு விநாடி எடுத்து இறக்குங்கள், நான்கு தடவை. கம்ப்யூட்டர்காரர்களுக்கு மருந்தே இந்தக் கடைசி அசைவுதான்: ஏற்கெனவே ஏறி நிற்கும் தோளை நாமே இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பிறகு விட்டால்தான் அது இறங்குகிறது. முழங்கையோ மணிக்கட்டோ தோளை இழுத்துக்கொண்டு போகக் கூடாது, கை வெறுமனே கூடப் போகட்டும்.

ஒரு பக்கம் முடிந்ததும் உடனே மறுபக்கம் திரும்பாமல், மல்லாக்கப் படுத்து இரண்டு தோளையும் ஒப்பிடுங்கள். செய்த தோள் பாயில் அகலமாகப் பரவியிருப்பதும் மற்றது தூக்கி நிற்பதும் தெரியும். இந்த வித்தியாசத்தை ஒரு நிமிடம் அனுபவித்த பிறகு மறுபக்கம் செய்யுங்கள்.

நாற்காலியில், கண்ணும் கழுத்தும்

ஆபீஸில் படுக்க முடியாது. அங்கே இது. நாற்காலியின் முன்விளிம்பில், பாதம் தரையில் படும்படி உட்காருங்கள். தலையை வலது பக்கம் சிரமமில்லாத அளவுக்குத் திருப்பி, மூக்குக்கு நேராகச் சுவரில் எது தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நடுவுக்குத் திரும்புங்கள்.

தலை அசையாமல் கண்ணை மட்டும் வலப்பக்கம் கொண்டுபோய் நடுவுக்கு வாருங்கள், மூன்று தடவை. பிறகு தலையை வலப்பக்கம் திருப்பும்போது கண்ணை இடப்பக்கம் கொண்டுபோங்கள், இரண்டும் சேர்ந்து நடுவுக்கு வரட்டும், நான்கு தடவை, வெகு மெதுவாக. முதல் தடவை குழப்பமாக இருக்கும். கண்ணசைவும் பின்னங்கழுத்தின் சின்னத் தசைகளும் ஒன்றோடொன்று பிணைந்து வேலை செய்கின்றன, அந்தப் பிணைப்பைப் பிரிப்பதால் வரும் குழப்பம் அது. கடைசியாக கண்ணும் தலையும் சேர்ந்தே வலப்பக்கம் திரும்பட்டும். முன்பு குறித்த இடத்தைத் தாண்டிப் பார்வை போகிறதா என்று பாருங்கள். பலருக்குப் போகும். இடப்பக்கமும் இதே மாதிரி.

தலை சுற்றினால் கண் பயிற்சியை அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வெர்டிகோ உள்ளவர்கள் இதைத் தவிர்த்துவிட்டுத் தோள் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உள்ளுக்குள் கவனிக்கும்போது

இவ்வளவு மெதுவாக உடம்பைக் கவனித்தால் சிலருக்குத் தூக்கம் வரும், கொட்டாவி வரும், காரணமில்லாமல் கண் கலங்கும். அவை வந்து போகட்டும். ஆனால் பெரிய விபத்தோ வன்முறையோ கடந்து வந்தவர்களுக்கு, கண்ணை மூடி உள்ளே கவனிப்பதே படபடப்பைக் கிளப்பலாம். அப்படி நேர்ந்தால் தாங்கிக்கொண்டு தொடராதீர்கள். கண்ணைத் திறந்து அறையில் உள்ள நாலு பொருளைப் பாருங்கள், பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள், எழுந்து உட்காருங்கள். அடுத்த முறை கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, நாற்காலிப் பயிற்சியை மட்டும் இரண்டு நிமிடம் செய்யலாம். மறுபடியும் படபடப்பு வந்தால் மனநல ஆலோசகரின் துணையோடு செய்வது நல்லது.

மறுநாள் தசை வலித்தால் அதைப் பலனாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேவைக்கு மேல் பலம் போட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். அடுத்த நாள் அளவைப் பாதியாக்கி, சுற்றுகளை நான்காகக் குறையுங்கள்.

எழுந்திருக்கும்போது நேராக நிமிர்ந்து எழாதீர்கள். ஒரு பக்கம் புரண்டு, கையை ஊன்றி, தலை கடைசியாக வரும்படி எழுந்து, ஒரு நிமிடம் வீட்டுக்குள் நடங்கள். எழுந்ததும் போனை எடுத்துக் குனிந்துவிட்டால் தோள் பழைய இடத்துக்கே ஓடிவிடும்.

முதல் வாரம் கணக்கெடுப்பும் கீழ்முதுகுப் பயிற்சியும் மட்டும். இரண்டாம் வாரம் தோள் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வாரம் ஒரு நாள் கடிகாரம், ஒரு நாள் தோள் என்று மாற்றி மாற்றி. நாற்காலிப் பயிற்சியை முதல் நாளிலிருந்தே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று செய்யலாம். ஒரு மாதத்துக்குப் பிறகும் வலி ஒரே இடத்தில் அப்படியே நின்றாலோ, இரவில் தூக்கத்தைக் கலைத்தாலோ, ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். எந்த அசைவில் எந்த இடத்தில் உதறல் வருகிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.